அடுத்த வரி தெரியாத கதைகள்

அன்று காலை நான் முதலில் திட்டியது பிரிண்டரை. தாளின் வலது பக்கம் சரியாக அச்சாகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தலை இருந்தது, வால் இல்லை.

நான் பத்திரம் எழுதுபவள். திருப்போரூரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் எங்கள் கடை. இருபத்தாறு வருடத் தொழில். செல்வி என்னிடம் பத்து வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். தாளை அவளிடம் நீட்டி, "மை தீர்ந்துபோச்சு பாரு, பாதி பாதியா நிக்குது" என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் ஒயுங்காத்தான்க்கா வந்துகீது. கண்ணாடியத் தொடச்சிப் போட்டுப் பாரு."

அவளையும் திட்டினேன். பிறகு கண்ணாடியைத் துடைத்தேன். பின்னந்தலையில் இடது பக்கம் லேசாக வலித்தது. வெயிலில் வந்தது என்று விட்டுவிட்டேன். எதிர்ச் சுவரில் மனை விற்பனை விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் இருப்பவை எழுத்துகள் என்று தெரிந்தது. என்ன எழுத்துகள் என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிற விளம்பரம் அது.

நான் செய்த அடுத்த காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள். கண்ணாடி பழசாகிவிட்டது என்று முடிவு கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கேளம்பாக்கத்துக்குப் போய், கண்ணாடிக் கடையில் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் வரியில் இருக்கிற பெரிய எழுத்தையே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இது கண்ணாடி சமாச்சாரம் இல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியாப் போவாதீங்க" என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

கையும் காலும் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குக் கை விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. நடந்தேதான் ஆஸ்பத்திரிக்குள் போனேன். திடீரென்று பார்வையில் பாதி காணாமல் போனாலும், தெரிந்த எழுத்து தெரியாமல் போனாலும் அதுவும் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் பொன் பெறும். நான் அரை நாளைக் கண்ணாடிக் கடையில் தொலைத்தேன்.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி. என் கணவர் ஜேம்ஸ், எங்கள் ஊர் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்ப் பார்க்கிறவர். வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். இடது பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு. நான் மாத்திரை போட மறந்த ரத்தக்கொதிப்பும், மறைத்துச் சாப்பிட்ட இனிப்பும் சேர்ந்து செய்த வேலை.

மூன்றாம் நாள் நரம்பியல் மருத்துவர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார்.

"ஏதாவது எழுதுங்கம்மா. உங்க பேரு, ஊரு, எது வேணும்னாலும்."

எனக்கா எழுத வராது? பேனா தண்ணீர்போல ஓடியது. பேர், தகப்பனார் பேர், இருப்பிடம் எல்லாம் எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் இந்தக் கிரையப் பத்திரம் யாதெனில் என்று ஆரம்பித்துப் பாதிப் பக்கம் எழுதிவிட்டேன். ஜேம்ஸுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மருத்துவர் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்து அதே தாளை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

பார்த்தேன். கோணலில்லாத வரிகள். அழகான கையெழுத்து. ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"இது யார் சார் எழுதினது?" என்று கேட்டேன்.

ஜேம்ஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்கு அலெக்சியா என்று பெயர் (கண் பார்க்கும், கை எழுதும், ஆனால் பார்த்த எழுத்து மூளையில் வார்த்தையாக மாறாத நிலை). அதோடு ஹெமியனோபியாவும் இருந்தது (இரண்டு கண்ணிலும் பார்வையின் ஒரு பக்கப் பாதி போய்விடுவது). எனக்குப் போனது வலப்பக்கம். "கண்ணு நல்லா இருக்கும்மா. கண்ணு அனுப்புற தகவலை வாங்கிப் படிக்கிற இடத்துலதான் அடி. கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

உயிர்ப் பயம் அன்றோடு போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள்கூடக் கிடையாது, ஏனென்றால் பத்திரமே கிடையாது. அந்த வீட்டில் பத்திரம் என்ற ஒன்றை முதலில் கையில் வாங்கி வாசித்தவள் நான். ஊர்க்காரர்கள் தங்கள் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல இன்னா போட்டுகீது, பார்த்துச் சொல்லு" என்று நிற்பார்கள். நான் வாசிப்பேன். என் மரியாதை முழுவதும் அந்த ஒரு காரியத்தில்தான் இருந்தது. அது போனால் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இதே நோய் வந்தவராக நீங்கள் இருந்தால், இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிக்கவில்லை, யாரோ உங்களுக்கு வாசித்துக்காட்டுகிறார்கள். அது மகளாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். அவர்கள் மேல் எரிந்து விழாதீர்கள். நான் நிறைய விழுந்தேன். காலண்டர் தேதியைப் படித்துச் சொன்னதற்குக்கூட ஜேம்ஸிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, வாரம் ஒருநாள் செங்கல்பட்டுக்குப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். பேச்சு-மொழிப் பயிற்சியாளர் (பேச்சையும் வாசிப்பையும் மீட்டுத் தருகிறவர்) நிவேதா. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். எழுத்தைக் கண்ணால் பிடிக்க முடியாவிட்டால் விரலால் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். தாளில் இருக்கிற 'க'வை விரலால் தடவி, அதே வடிவத்தைத் தொடையில் எழுத வேண்டும். என் கைக்குத்தான் எழுத்து மறக்கவில்லையே. கை சொன்னதும் மூளை, "அட, க" என்று எழுந்து உட்காரும். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் ஆகும்.

மூன்றாவது வாரம் அவள் என் கையில் நாலைந்து புத்தகங்களை வைத்தாள். பன்னிரண்டு பக்கம், பதினாறு பக்கம், நடுவில் பின் அடித்தவை. அட்டையில் ஒரு ஆடு.

"குழந்தைங்க கதைம்மா. தினம் ஒரு பக்கம் படிங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏழு தலைமுறை வில்லங்கத்தை ஒரே மூச்சில் வாசித்தவள். என் பத்திரத்தில் ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் போகும்; நடுவில் மூச்சு வாங்கினால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டதாக அர்த்தம் என்று செல்வியைப் பயமுறுத்தியிருக்கிறேன். என் கையில் ஆடா? வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில், கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பயிற்சிக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செல்வியிடம் பழைய பத்திர நகல்களைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாள் ஒரு வரி. நான்காம் நாள் ஒரு பத்தி. இரண்டாவது வார முடிவில் விரலே இல்லாமல் முழுப் பக்கத்தை உரக்க வாசித்தேன். தாய்ப்பத்திரம், சர்வ சுதந்திரம், வில்லங்கம் ஏதுமில்லை என்ற உறுதி, எல்லாம் கடகடவென்று வந்தது. ஜேம்ஸ் வாசலில் நின்று கேட்டார். "இன்னாமே, மெயில் வண்டி மாதிரிப் போற" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதுவும் வந்தது. நோய் என்னிடம் தோற்றுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்த வாரமே செல்வி ஒரு வரைவோடு வந்தாள். வாங்குகிறவர் கோவிந்தம்மா, எங்கள் ஊர்க் குப்பத்தில் மீன் எடுத்து விற்பவர். திருப்போரூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் பதினாலாம் எண் மனை. அந்த மனைப்பிரிவு முழுவதற்கும் பத்திரம் எழுதியவள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மனைக்கும் நான்கு எல்லை சொல்வேன்.

"நீ ஒரு தபா படிச்சிட்டு சரின்னு சொன்னா போதும்க்கா" என்றாள் செல்வி. கோவிந்தம்மாவும் கூட வந்திருந்தார். அவர்கள் இருவர் முன்னாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்க வாசித்தேன். வடக்கில் இருபத்துநாலு அடிச் சாலை, தெற்கில் இருபத்தொன்றாம் எண் மனை, கிழக்கில் இது, மேற்கில் இது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. "சரியா இருக்கு, பதிவுக்கு வெச்சிடு" என்றேன்.

பதிவன்று காலை செல்வியிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது.

நடந்தது இது. எங்கள் தொழிலில் புதிதாகப் பத்திரம் அடிக்கிறவர் யாருமில்லை. பக்கத்து மனைக்கு அடித்த பத்திரத்தைப் பிரதி எடுத்து, பேரையும் எண்ணையும் எல்லைகளையும் மாற்றுவோம். செல்வி பதின்மூன்றாம் மனையின் பத்திரத்தைப் பிரதி எடுத்தவள், பேரை மாற்றினாள், எண்ணை மாற்றினாள், எல்லையை மாற்ற மறந்தாள். பதின்மூன்று சாலைக்கு அந்தப் பக்கம், பதினாலு இந்தப் பக்கம். தாளில் தெற்கில் சாலை என்று இருந்தது. நான் வடக்கில் சாலை என்று வாசித்தேன். தப்பான தாளை வைத்துக்கொண்டு, சரியான எல்லைகளை என் தலைக்குள்ளிருந்து எடுத்து ஒப்பித்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

கண்டுபிடித்தவர் கோவிந்தம்மா. முதியோர் கல்வியில் எழுத்துக்கூட்டப் பழகியவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் முறைக்குக் காத்திருந்த நேரத்தில், பொழுது போகாமல், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்கிறார். "தெக்கால ரோடுன்னு போட்டுகீதே, செல்வி. என் மனைக்கு வடக்கால இல்ல ரோடு? அக்கா அன்னிக்குப் படிச்சப்போ வடக்குன்னுதான சொன்னாங்க?" என்று கேட்டிருக்கிறார். செல்வி உடனே தாளைத் திருப்பி வாங்கிவிட்டாள். திருத்தி, மறுநாள் பதிவானது. யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் போனை வைத்ததும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிழையை நினைத்து மட்டுமல்ல. நான் வாசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரமாக ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்திரம் மனப்பாடம், சர்ச்சுப் பாட்டு மனப்பாடம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். அன்று நான் அழுதேன். ஜேம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "அழுதுடு, அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து அந்த ஆட்டுப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள். நான்கே வார்த்தைகள்.

"படிங்கம்மா. விரல் வைக்காம, உங்க வேகத்துல."

"ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது" என்றேன்.

"இப்ப விரல் வெச்சுப் படிங்க."

தடவினேன். ஆ. டு. அடுத்தது ம. அதற்கடுத்தது ழை. நெற்றி வேர்த்தது. நாலு வார்த்தைக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதில் இருந்தது இதுதான்: ஆடு மழைக்குக் கடிதம் எழுதியது.

"ஆடு எதுக்கு மழைக்கு எழுதுது?" என்றேன், என்னை அறியாமல்.

நிவேதா சிரித்தாள். "தெரியாது இல்ல? அதான் வேணும். பத்திரத்துல அடுத்தது என்ன வரும்னு உங்க மூளைக்குத் தெரியும். கண்ணு வேலை செய்யுறதுக்கு முன்னாடியே அது சொல்லிடுது. இதுல அதால சொல்ல முடியாது. கண்ணு வேலை செஞ்சே ஆகணும்."

நான் பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டைப் பற்றியே யோசித்தேன். வீட்டுக்கு வந்து கம்பளியைத் தூக்கி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டாவது பக்கம், ஒன்பது வார்த்தை. அன்றைக்கு அதுதான் என் வேலை. 'ஐயா, தாங்கள் தயவுசெய்து ராத்திரியில் பெய்யவும். பகலில் எனக்கு வேலை இருக்கிறது.' ஒழுங்கான மனு. ஐயா போட்டிருக்கிறது, காரணம் காட்டியிருக்கிறது. தேதி மட்டும் இல்லை. மூன்றாவது பக்கத்தில், தபால்பெட்டிக்குப் போகிற வழியில் ஆட்டுக்குப் பசிக்கிறது. நான்காவது பக்கத்தில் கடிதத்தைத் தின்றுவிடுகிறது. கடைசியில் நடுப்பகலில் மழை கொட்டுகிறது. ஆடு அண்ணாந்து பார்த்து, 'பதில்கூடப் போடாமல் வருகிறாயே' என்று கோபித்துக்கொள்கிறது.

அந்தக் கடைசிப் பக்கத்தை முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. முடித்ததும் வந்த சிரிப்பு இருக்கிறதே, நோய் வந்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. அடுக்களையிலிருந்து ஜேம்ஸ் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, தனியா சிரிச்சிகினு கீற?" சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க சூப்பர்வைசருக்கு நான் போடுற லீவு லெட்டரும் இப்படித்தான் கீது" என்றார்.

இரண்டு மாதம் இப்படித்தான் போனது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கம். வார்த்தையின் வால் தெரியாதபோது தலையை வலப்பக்கம் திருப்பித் தேடக் கற்றுக்கொண்டேன். விரல் மெதுவாகத் தொடையிலிருந்து தாளுக்கு வந்தது. சில நாட்கள் முந்தைய நாளைவிட மோசமாக இருக்கும்; 'ள'வும் 'ன'வும் ஒன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட நாளில் புத்தகத்தை மூடிவிட்டு மீன் கழுவப் போய்விடுவேன். நீங்களும் மூடிவிடுங்கள். மறுநாள் வரும்.

ஒரு பழக்கம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. பத்திரக்காரிக்குக் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம். சொத்து விவரமும் எல்லையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வருவோம். கதைப் புத்தகத்திலும் என் கை தானாகக் கடைசித் தாளுக்குப் போனது. இரண்டு கதைகளை அப்படிக் கெடுத்துக்கொண்டேன். பிறகு கடைசித் தாளைக் கிளிப் போட்டு மூடி வைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முடிவு தெரியாமல் இருக்கப் பழகினேன். ஆஸ்பத்திரியில் முடிவு தெரியாமல் இருந்தபோது தூக்கம் வராது. இங்கே முடிவு தெரியாதபோது நாளைக் காலைக்காகக் காத்திருப்பேன். இரண்டும் ஒரே மனதுக்குத்தான் நடந்தது என்பது எனக்கே வியப்பு.

அந்தக் கதைகளில் என்னை உலுக்கியது குடைக் கதை. ஒரு தாத்தா குடையை விரித்துக் கொடியில் காயப் போடுகிறார். காற்றில் குடை தலைகீழாகத் தொங்குகிறது. அதற்குள் ஒரு காக்கை கூடு கட்டிவிடுகிறது. தாத்தா அதை விரட்டவில்லை. வெயிலில் வெறுந்தலையோடு நடக்கிறார். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவர் தலைக்கு மேலே எதையாவது பிடிக்கிறார்கள். ஒருவர் வாழையிலை, ஒருவர் முறம், ஒருவர் நாளிதழ். குஞ்சுகள் பறந்து போகின்றன. தாத்தா குடையை எடுக்கிறார். உள்ளே ஒரே ஒரு இறகு இருக்கிறது. குடையைத் திரும்பவும் கொடியில் மாட்டிவிட்டு, தாத்தா மழையில் நனைந்துகொண்டே கடைக்குப் போகிறார். அவ்வளவுதான் கதை.

இதைப் படித்து முடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. முறத்துக்கு ஒரு நாள், வாழையிலைக்கு ஒரு நாள். ஒருவேளை அதனால்தான் அவ்வளவு ஆழமாக இறங்கியதோ என்னவோ. இருபத்தாறு வருடமாக நான் எழுதியதெல்லாம் யார் எதை யாருக்கு விட்டுக்கொடுத்தார், எந்தத் தேதியிலிருந்து சுவாதீனம், யாருக்கும் இனி பாத்தியமில்லை என்பதுதான். இந்த மனிதர் பத்திரம் இல்லாமல், சாட்சி இல்லாமல் ஒரு குடையைக் காக்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எழுத்து தெரியாமல் வந்த கண்ணீர் அல்ல, தெரிந்து வந்த கண்ணீர்.

அதை வாசிக்கிறபோது இன்னொன்றும் கவனித்தேன். எப்போது என்று தெரியாமலே, நான் எழுத்துக்கூட்டுவதை நிறுத்தியிருந்தேன். 'இறகு' என்ற வார்த்தை இ, ற, கு என்று வரவில்லை. இறகாகவே வந்தது.

இந்தக் கதைகளைப் பெரியவர்கள் படிக்கிறதில் என்ன இருக்கிறது என்று என் தங்கை ஒருநாள் கேட்டாள். "குயந்தைங்க பொஸ்தகத்த வெச்சிகினு இன்னா பண்ற?" வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஆட்டுக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் சிரிக்கவில்லை. குடைக் கதையை வாசித்தேன். எழுந்து போய், அலமாரியில் இருந்த மிச்சப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறிப்போனது. எனக்குக் கிடைத்த விடை எளியது. குழந்தைக் கதை எழுதுகிறவர் நமக்கு எதுவும் தெரியும் என்று எண்ணுவதில்லை. ஆடு என்றால் ஆடு, குடை என்றால் குடை என்று முதலிலிருந்து கையில் எடுத்துக் கொடுக்கிறார். எல்லாம் தெரிந்தவள் என்று திரிந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏழாவது மாதம் மருத்துவர் மறுபடியும் தாளைக் கொடுத்தார். என்னை எழுதச் சொல்லி, பிறகு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முன்னைவிட மெதுவாகத்தான், ஆனால் தாளில் இருந்ததை மட்டுமே வாசித்தேன். வலப்பக்கப் பார்வையில் கீழ்ப் பாதி திரும்பிவிட்டது. மேல் பாதி திரும்பாது என்றார். "தலையைத் திருப்பிக்கிறேன் சார்" என்றேன். அவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, "வேலைக்குப் போகலாம். ஆனா ரெண்டாவது ஆள் ஒருத்தர் சரிபார்க்கணும்" என்றார். வெளியே வந்து நடைவழியில் ஜேம்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

இப்போது கடையில் ஒரு புது வழக்கம். எந்த வரைவானாலும் நான் விரல் வைத்து வாசிப்பேன், செல்வி தனியாக விரல் வைத்து வாசிப்பாள், வாங்குகிறவருக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தால் அவரையும் உட்காரவைப்போம். நேரமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள். ஆகட்டும்.

கடைசிப் பயிற்சி நாளில் நிவேதா, "இனிமே நாவல், நாளிதழ் எது வேணும்னாலும் படிக்கலாம்மா. இந்தச் சின்னப் புத்தகங்கள் உங்களுக்குத் தேவையில்லை" என்றாள்.

"அதை நீ முடிவு பண்ணாதே. பையில புதுசு எத்தனை இருக்கு, எடு" என்றேன்.

போன வாரம் சாயங்காலம் கடையை மூடிவிட்டு, மாமல்லபுரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கையில் புதுப் புத்தகம். ஒரு மீன் நீச்சல் வகுப்பில் சேர்கிறது. மூச்சு வாங்க மேலே வரவில்லை என்று மாஸ்டர் அதைத் தினமும் கண்டிக்கிறார். பரீட்சை நாள் வருகிறது. மீன் குளத்தின் ஓரத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் ஆட்டோ நெம்மேலிக்கு வந்துவிட்டது.

"அக்கா, உன் ஸ்டாப்பு" என்றார் ஓட்டுநர்.

இன்னும் ஒரு பக்கம் இருந்தது. இறங்கி நின்று படித்திருக்கலாம், வீட்டில் போய்ப் படித்திருக்கலாம். எனக்கு அந்த மீனை அப்படியே விட்டுவிட்டு இறங்க மனமில்லை.

"நீ போப்பா. அடுத்த ஊர்ல எறங்கிக்கிறேன்."

"இன்னாத்துக்கு?"

"வேலை கீது."

பட்டிபுலத்தில் இறங்கினேன். மீனை மாஸ்டர் பாஸ் போட்டாரா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு முடியாவிட்டாலும் ஒருநாள் படிப்பீர்கள்.

வடக்கே பார்த்துத் திரும்பி நடந்தேன். வெயில் தணிந்திருந்தது. வீட்டுக்குத் தாமதமாகும் என்று தெரியும், அவசரம் வரவில்லை. கடல் எனக்கு வலப்பக்கம். நேராகப் பார்த்தால் அது பாதிக்கு மேல் இல்லை. நாலு அடிக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இருந்தது.